கத்தியா, ஊசியா: ஒரு நாடியின் வரலாறு

திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது தாடிக்கொம்பு. அங்கே பெருமாளின் பெயரே சௌந்தரராஜன், அழகின் அரசன். அதே கோயிலில் கல்யாணம் கூடிவர வியாழக்கிழமைகளில் ரதி–மன்மதனைக் கும்பிடுகிறார்கள்; நோய் தீர தன்வந்திரியைக் கும்பிடுகிறார்கள். அழகு, கல்யாணம், வைத்தியம் மூன்றும் ஒரே மதிலுக்குள். பெண் முகத்தைத் திருத்தும் மருத்துவத்தின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்கலாம்.

சுஸ்ருத சம்ஹிதை தன்வந்திரியின் உபதேசமாகவே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலால் சீராக்கும் முறை அதில் உண்டு. மூக்கறுப்பு என்பது தண்டனை. ஆசையைச் சொன்ன சூர்ப்பணகைக்குக் கிடைத்ததும் அதுதான்.

மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுக்காரர் கோவாஸ்ஜி, திப்புவிடம் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பிறகு புனேயில் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு அமைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு வெளியிட்டது. 1814-இல் கார்ப்யூ என்ற மருத்துவர் அங்கேயே செய்து பார்த்தார். அந்தப் போரை முடித்த 1792 உடன்படிக்கையில்தான் திண்டுக்கல்லும் கம்பெனி வசம் போனது.

அதுவரை இழந்ததை மீட்பதே வேலை. இழக்காதவளிடம் குறை காண்பது பின்னால் வந்தது. 1899-இல் வியன்னாவில் கெர்சுனி பாரஃபின் ஊசியைத் தொடங்கிவைத்தார். பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், கிரேக்கச் சிலை போன்ற முகம் வேண்டி மூக்கில் அதை ஏற்றிக்கொண்டார். மெழுகு இறங்கி நாடியில் போய்த் தங்கியது.

கத்தியும் சும்மா இருக்கவில்லை. நாடி எலும்பை அறுத்து முன்னே நகர்த்தும் முறையை 1942-இல் ஹோஃபர் எழுதினார். 1957-இல் டிரவுனரும் ஓப்வெகெசரும் அதை வாய்க்குள்ளிருந்தே செய்தார்கள். பிறகு சிலிக்கான் வந்தது. 2020-இல் அமெரிக்கா ஹயலுரானிக் அமில ஊசி ஒன்றை நாடிக்கென்றே அனுமதித்தது.

"கத்தியா, ஊசியா மிஸ்?" என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய பக்கவாட்டுப் படத்தைக் கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொன்னேன். ஊசி அரை மணி வேலை. ஏறக்குறைய ஓராண்டில் கரையும், மறுபடி காசு. பிடிக்காவிட்டால் கரைக்க மருந்து உண்டு. ஆனால் ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அபூர்வமாகக் கண் பார்வையும் போகலாம். சிலிக்கான் நிலைக்கும், நகரலாம், சீழ் வைக்கலாம், அடியிலுள்ள எலும்பைத் தேய்க்கலாம். எலும்பை நகர்த்தினால் உதடு மரத்துப்போகலாம். தாடை பிறவியிலேயே சிறுத்து, மெல்லவோ தூங்கும்போது மூச்சுவிடவோ முடியாதவர்களுக்கு அறுவை சிகிச்சை அலங்காரமல்ல, தேவை.

அவளுக்கு மெல்வதிலும் தூங்குவதிலும் ஒரு சிரமமும் இல்லை.

அழகுபடுத்திக்கொள்ளும் பெண்ணைக் கேலி செய்வது பெண்ணியமல்ல. அவள் உடம்பு, அவள் முடிவு. ஆனால் முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு அதற்குள் முடிவெடு என்றால், அது யாருடைய முடிவு? 2022-இல் பெங்களூருவில் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போன கன்னட நடிகை சேதனா ராஜுக்கு வயது 21. அவர் திரும்பி வரவில்லை.

"மாப்பிள்ளையின் பக்கவாட்டுப் படத்தை யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கேள்வியை வீட்டில் கேட்டாளாம். பதில் இன்னும் வரவில்லை.