டக்சிடோ பார்க்கில் கிடைத்த அலை

நியூயார்க் மாநிலத்தின் டக்சிடோ பார்க், பெரும் பணக்காரர்கள் குடியிருந்த மலைப்பகுதி. வால் ஸ்ட்ரீட்டில் செல்வம் குவித்த ஆல்ஃபிரட் லூமிஸ், அங்கே ஒரு மாளிகையையே வாங்கி ஆய்வுக்கூடமாக மாற்றினார். ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் வந்துபோன இடம் அது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்ட பிறகு, லூமிஸின் கவனம் தூக்கத்தின் பக்கம் திரும்பியது. தூங்குகிறவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தினார். சுழலும் பெரிய உருளையில் சுற்றிய தாளின்மேல் பேனாக்கள் இரவெல்லாம் கோடு கிழித்தன.

1935-இல் அந்தக் கோடுகளில் ஒரு விசேஷம் தெரிந்தது. நொடிக்குச் சுமார் 14 முறை துடிக்கும் அலைக்கொத்து ஒன்று திடீரென எழுந்து, ஒரு நொடி போல நீடித்து அடங்கியது. நூற்புக் கதிரைப் போல நடுவில் பருத்து, இரு நுனியிலும் மெலிந்திருந்ததால் அதற்கு ‘ஸ்பிண்டில்’ என்று பெயர் வந்தது. 1940-இல் போர்க்கால ரேடார் பணிக்காக லூமிஸ் தூக்க ஆராய்ச்சியை விட்டார். அலைக்குப் பெயர் கிடைத்தது. அதற்கு என்ன வேலை என்பது விளங்கவில்லை.

தூங்கினால் மறதி குறையும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-லேயே காட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வதை. கைப்பழக்கத்தின் கதை வேறு.

அந்தக் கதை சூடுபிடித்தது 2002-இல். ஹார்வர்டில் மேத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் மிக எளிய ஒரு வேலையைக் கொடுத்தார்கள்: வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடக்கை விரல்களால் 4-1-3-2-4 என்ற வரிசையில் விசைகளைத் தட்ட வேண்டும். 30 நொடி தட்டல், 30 நொடி ஓய்வு. இப்படிப் பன்னிரண்டு சுற்று. காலையில் பழகி அன்றிரவே மீண்டும் தட்டியவர்களிடம் பெரிய முன்னேற்றம் இல்லை. தூங்கி எழுந்தபின் தட்டியவர்களின் வேகம் சுமார் 20 விழுக்காடு கூடியிருந்தது. பிழையும் பெருகவில்லை. நடுவில் ஒரு தடவைகூடப் பயிற்சி கிடையாது! ஸ்பிண்டில்கள் மிகுதியாக எழும் இரண்டாம் கட்டத் தூக்கம், அதிலும் விடியலை ஒட்டிய நேரத்தில், யாருக்கு அதிகம் வாய்த்ததோ அவர்களே அதிகம் தேறினார்கள். விடியுமுன் பிள்ளைகளை எழுப்பிப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதை அவசியம் அறிய வேண்டும்.

2007-இல் நிஷிதாவும் வாக்கரும் பகல் தூக்கத்தைச் சோதித்தார்கள். இடக்கை பழகியது என்றால் அதை இயக்குவது வலப்பக்க மூளை. அந்தப் பக்கத்தில் மறுபக்கத்தைவிட ஸ்பிண்டில்கள் எவ்வளவு மிஞ்சினவோ, அவ்வளவு தேர்ச்சி கூடியது.

எதிர்ப்பும் வந்தது. பழகும்போது விரல்கள் சோர்கின்றன. சோர்வு நீங்கியதைத்தான் முன்னேற்றம் என்று எண்ணுகிறோம் என்றார் ஆய்வாளர் திமோத்தி ரிக்கார்டு. விழித்திருக்கையில் எடுக்கும் 10 நொடி ஓய்விலேயே திறன் கூடுவதை 2019-இல் வேறொரு குழு காட்டியது. இவை நியாயமான கேள்விகள். முழுப் பெருமையையும் தூக்கத்துக்கே கொடுத்துவிட முடியாது.

ஆனாலும் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு வலுவான சான்று. கைகால் செயலிழந்த ஒருவரின் மூளையில், அசைவுகளை இயக்கும் புறணியில் நுண் மின்முனைகள் பதிக்கப்பட்டிருந்தன. பகலில் எண்ணத்தாலேயே திரையில் குறியை நகர்த்தி, ஒரு வரிசையை அவர் விளையாடிப் பழகினார். அன்றிரவு அவர் ஆழ்ந்து தூங்குகையில் அதே நரம்பணுக்களில் அதே வரிசை மீண்டும் மீண்டும் ஓடியது பதிவானது.