துண்டும் ஈடும்: சபரகமுவத் தோட்டங்களில் வங்கி இடர் இறங்கிய பாதை

1884 மே 3 அன்று ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் கொடுப்பனவை நிறுத்தியது. அப்போது இலங்கையில் புழங்கிய நாணயத்தாள்களில் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டவை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தைப் பொறுப்பாக்கினார். அதே ஆண்டில் நாணயத்தாள் சட்டம் இயற்றப்பட்டு, தாள் வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. தாளைக் கையில் வைத்திருந்தவர் தப்பினார். வைப்பிலிட்டவருக்கு அந்தக் காப்பு கிட்டவில்லை. இடர் யார் தலையில் விழும் என்பது வங்கி முறியும் நாளில்தான் வெளிப்படையாகத் தெரியும். ஆனால் அது எங்கே விழும் என்பது பல்லாண்டுகளுக்கு முன்பே கடன் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது. சபரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் கடன் வரலாற்றை அந்தக் கோணத்தில் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

கோப்பிக் காலத்து வணிக வங்கியின் இயல்பான தொழில் உண்டியல் வாங்குவது. கொழும்பில் கப்பலேறிய சரக்கின் மேல் எழுதிய உண்டியலை வங்கி கழிவு பிடித்து வாங்கும். சில மாதங்களில் சரக்கு இலண்டனில் விற்றதும் பணம் திரும்பிவிடும். வைப்பாளர் எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டிய பணத்தை இப்படிக் குறுகிய தவணைக்கு விடுவதில் ஆபத்து குறைவு. ஓரியண்டல் வங்கி அங்கே நிற்காமல் தோட்டத்தையே ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தது. 1869-இல் மடுல்சீமையில் முதலில் காணப்பட்ட இலைத்துரு நோய், இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிக் கோப்பி உட்பட தீவெங்கும் பரவியது. ஈடு வைத்த தோட்டத் துரைமாரால் கடனைக் கட்ட முடியவில்லை. தோட்டங்கள் வங்கியின் கைக்கு வந்தன, ஆனால் அவற்றை வாங்க ஆளில்லை. வங்கியின் வீழ்ச்சிக்கு நோயையே காரணமாகச் சொல்வது வழக்கம். நோய் ஒரு தோட்டத்தை அழிக்கலாம். கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பணத்தை நீண்ட தவணை மண்ணில், அதுவும் ஒரே பயிரில் புதைத்ததுதான் வங்கியை அழித்தது என்பேன்.

வங்கி முறிந்த அதே 1880களில் வந்த தொழிலாளர் சட்டங்கள் சம்பளப் பாக்கியைத் தோட்டத்தின் மேல் முதல் உரிமைக் கடனாக்கின. கோப்பி வீழ்ந்தபோது சம்பளமின்றி நின்ற தொழிலாளரைக் காக்க வந்த ஏற்பாடு இது. கடன் கொடுப்பவரின் கண்ணில் அதற்கு வேறு பொருளும் உண்டு: ஈடு பிடித்தவர் இனி வரிசையில் இரண்டாமவர்.

தேயிலையும் ரப்பரும் வந்தபோது பணத்தின் அமைப்பே மாறியது. களனிவெளி ரயில் 1902-இல் அவிசாவளையையும், 1903-இல் எட்டியாந்தோட்டையையும், 1912-இல் இரத்தினபுரியையும் எட்டியது. இலண்டனில் ஸ்டேர்லிங் கம்பனிகளும் கொழும்பில் ரூபாய்க் கம்பனிகளும் பங்கு வெளியிட்டன. இன்று முதலீட்டு வங்கி செய்யும் வேலையை அன்று ஏஜன்சி நிறுவனங்கள் செய்தன: கம்பனியைத் தோற்றுவிப்பது, பங்குக்கு ஆள் சேர்ப்பது, செயலாளராக இருந்து கணக்கு எழுதுவது. ரப்பர் மரம் பால் வெட்டும் பருவத்துக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்தக் காத்திருப்பின் இடரைப் பங்குதாரர் சுமந்தனர். வணிக வங்கி மறுபடி அறுவடை முன்பணம், உண்டியல், மாதச் சம்பளக் காசு என்ற குறுகிய வட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. தோட்டத்தை வங்கி நேரே பார்ப்பதில்லை. ஏஜன்சி அனுப்பும் விசிட்டிங் ஏஜெண்டின் அறிக்கைதான் அதற்குக் கண். 1884-இன் பாடத்தை வங்கிகள் நன்றாகவே படித்திருந்தன.

இடர் இறங்கிய சங்கிலி பங்குதாரரோடு முடியவில்லை. அதன் கீழ்க்கண்ணிகள்தான் இந்த ஆய்வுக்கு முக்கியம்.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வரவேண்டும். அதற்காகத் துரை பெரிய கங்காணியிடம் முன்பணம் கொடுத்தார். இந்தியக் கரையில் ஆள் திரட்டக் கொடுத்த இந்தப் பணம் கம்பனிகளின் ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில், கட்டடத்தோடும் இயந்திரத்தோடும் சேர்த்து எழுதப்பட்டது. கங்காணி தன் பங்குக்கு வழிச்செலவு, அரிசி, கல்யாணம், கருமாதி என்று ஒவ்வொரு தொழிலாளியின் பேரிலும் கடன் எழுதினார். அந்தக் கணக்கு கங்காணியிடம் இருந்தது. கடன்பட்டவர் அதைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் பெரும்பாலோர் வாசிக்கத் தெரியாதவர்.

இந்தக் கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் நகர்த்திய கருவி ‘துண்டு’. இன்ன தொகை கட்டினால் இந்தக் கங்காணியையும் இத்தனை ஆட்களையும் விடுவிக்கிறேன் என்று துரை கையொப்பமிட்டுக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை தொகையைக் கட்டுவார். கடன் அவர் புத்தகத்துக்கு மாறும். பெரும்பாலும் கூடவே கொஞ்சம் புது முன்பணமும் ஏறும். கங்காணி நகர நகரத் தலைக்கு எழுதிய தொகை வளர்ந்தது. ஆளுக்காகத் தோட்டங்கள் தம்முள் போட்டியிட்டதால் துரைமாரே அதை ஏற்றிவிட்டனர். ரப்பர் விலை 1910-இல் உச்சம் தொட்டு, புதுத் தோட்டங்கள் ஆள் தேடிய காலத்தில் போட்டி இன்னும் கடுமையானது. வங்கிக் கண்ணால் பார்த்தால் துண்டு, கைமாற்றத்தக்க ஒரு கடன் பத்திரம். அதற்கு ஈடு மனித உழைப்பு. தோட்டக்காரர்கள் 1904-இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் அமைத்து ஆள் சேர்ப்பதைத் தம் கையில் எடுக்க முயன்றதற்கு, திரும்பி வராத முன்பணங்களும் ஒரு காரணம். ஆனால் துண்டைச் சட்டம் தடைசெய்தது 1921-இல்தான். அதற்குள் போருக்குப் பிந்திய மந்தத்தில் ரப்பர் விலை சரிந்து, அந்தப் பத்திரத்தின் ‘சந்தை மதிப்பு’ தானாகவே வற்றியிருந்தது. அறத்தால் மட்டும் அது ஒழியவில்லை என்று கருத இடமிருக்கிறது.

கம்பனித் தோட்டங்களுக்கு வெளியே, சிறு தோட்டக்காரர், கடைக்காரர், அரிசி வணிகர் ஆகியோருக்கு வெள்ளையர் வங்கி நேரே கடன் தருவதில்லை. கொழும்புச் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வங்கியிடம் குறுந்தவணைக்கு வாங்கி மறுகடன் கொடுத்தனர். அவர்களுக்கு வங்கியில் பிணை நின்றவர் சராப்பு. கடன் வாங்குபவரை அறிந்தவர் செட்டியார், செட்டியாரை அறிந்தவர் சராப்பு. வங்கி யாரையும் அறிய வேண்டியதில்லை. 1925-இல் பெரிய செட்டியார் கடையொன்று முறிந்ததும் வங்கிகள் இந்த வழியைச் சட்டென்று இறுக்கின. அடுத்து வந்த பெருமந்தத்தில் செட்டியார்களும் தம் கடனாளிகளை நெருக்க, ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. 1934-இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு அரச ஆதரவுள்ள உள்நாட்டு வங்கி வேண்டும் என்றது. 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி திறந்தது.

1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான தோட்ட லயத்து மக்களுக்கு அந்த வங்கியும், 1961-இல் வந்த மக்கள் வங்கியும் வெகுதூரம். நிலமில்லை, வீட்டுக்கு உறுதியில்லை. ஈடாக வைக்க நகைதான் இருந்தது. 1970-இல் நிதியமைச்சரான என்.எம். பெரேராவின் தொகுதி எட்டியாந்தோட்டை. அங்கே பால் வெட்டியவர்களில் பலருக்கு அவருக்கு வாக்களிக்கும் உரிமையே கிடையாது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் தோட்டங்கள் அரச கூட்டுத்தாபனங்களிடம் வந்தன. அவற்றின் நட்டமும் கடனும் கடைசியில் பொதுப்பணத்தின் மேல் சாய்ந்தன.

1992-இல் மேலாண்மை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. கேகாலை, களனிவெளி, பலாங்கொடை, காவத்தை என்ற பெயர்கள் கொழும்புப் பங்குச் சந்தைப் பலகையில் ஏறின. பங்குகளில் பெரும்பான்மை முதலீட்டாளருக்கு விற்கப்பட, பத்து விழுக்காடு ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. சம்பளம், லயம், ஓய்வுக்காலப் பணிக்கொடை மூன்றும் ஏற்கெனவே அதே கம்பனியின் கையில் இருந்தவர்களிடம் சேமிப்பையும் அங்கேயே போட்டுக் கொடுத்தது போலாயிற்று. இடரைப் பரப்பிப் போடு என்பது வங்கித் தொழிலின் அரிச்சுவடி.

நிலம் இன்றும் அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையான குத்தகை. ஆகவே வங்கி ஈடாகப் பிடிப்பது குத்தகை உரிமையையும், நடப்பு விளைச்சலையும், மரங்களின் கணக்கு மதிப்பையும்தான். மறுநடுகைக் கடன் இந்தக் குத்தகைக் காலத்தோடு முட்டி நிற்கிறது. இப்போது நடும் ரப்பர் பால் கொடுக்கத் தொடங்கவே ஆறேழு ஆண்டுகள் போய்விடும். அதன் பயன்காலம் முப்பது ஆண்டை ஒட்டியது. மரம் நல்ல பால் தரும் காலத்திலேயே கடன்பட்ட கம்பனியின் குத்தகை முடிந்துவிடும். கடன் அதிகாரி அந்தக் கோப்பில் முதலில் பார்ப்பது பயிரின் பெயரை அல்ல, குத்தகை முடியும் திகதியை.