அர்ஜுன் டாங்கி

சென்னையை அடுத்த ஆவடியில் போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் வடிவமைத்து, அதே ஊரின் கனரக வாகனத் தொழிற்சாலை தயாரிக்கும் முதன்மைப் போர் டாங்கி.

ஆவடியில் உருவான முதல் டாங்கி விஜயந்தா (1965). அது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு, 105 மி.மீ. பீரங்கியுடன் 1971 போரில் களம் கண்டது. சொந்த வடிவமைப்புக்கு அரசு 1974-இல் ஒப்புதல் தந்தது. முதல் அர்ஜுன் வண்டிகள் படையில் சேர்ந்ததோ 2004-இல்தான். இடையில் தரைப்படை கேட்ட தகுதிகள் மாறிக்கொண்டே இருந்தன. தாமதத்துக்கு வடிவமைத்தவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

அர்ஜுனின் பலம் சுடுவதில் இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் வழவழப்பான குழலுக்கு மாறிவிட்ட பிறகும் இதில் 120 மி.மீ. முறுக்குவரிக் குழலே உள்ளது. அதனால் சுவரில் அப்பிக்கொண்டு வெடிக்கும் குண்டைப் பதுங்குகுழிகள் மீதும் கட்டடங்கள் மீதும் குறிதவறாமல் சுட முடிகிறது. தரைப்படையிடம் உள்ள ரஷ்ய டி-90 டாங்கியில் குழுவினர் மூவர். குண்டை இயந்திரமே நிரப்பும். அர்ஜுனில் நால்வர், கையால் நிரப்ப வேண்டும். 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் இரண்டையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். அர்ஜுன் சளைக்கவில்லை என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டு, முன்பு வாங்கிய 124-க்கு மேல் இன்னொரு 124 வண்டிகள் வாங்க முடிவானது. 2020 செப்டம்பரில் அகமதுநகரில் லேசர் வழிகாட்டும் ஏவுகணையையும் இதன் குழல் வழியே செலுத்தி, 3 கி.மீ. தொலைவு இலக்கைத் தாக்கினார்கள்.

பலவீனம் எடை. முதல் வகை 58.5 டன், மேம்படுத்திய மார்க்-1ஏ 68 டன். சேலம்–நாமக்கல் சாலையில் ஓடும் பத்துச் சக்கர லாரி பாரத்தோடு ஏறக்குறைய 28 டன் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். இரண்டு வகைக்கும் அதே 1,400 குதிரைத்திறன் ஜெர்மன் எஞ்சின். டன்னுக்குக் கிடைக்கும் திறன் ஏறக்குறைய 24-லிருந்து 20.6 ஆகக் குறைந்துவிட்டது. பஞ்சாபின் கால்வாய்ப் பாலங்களுக்கு இந்த எடை ஒத்துவராது. ராஜஸ்தான் மணல்வெளிதான் இதற்குப் பொருந்தும் களம்.

2021 செப்டம்பரில் 118 மார்க்-1ஏ வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆணை தரப்பட்டது. அர்ஜுன் இதுவரை எந்தப் போரிலும் ஈடுபட்டதில்லை.