நால்வரில் ஒருவர் பொய்யராயினும்



கணினி பழுதுபட்டு நின்றுவிடுவது ஒன்று. நிற்காமல் பொய் சொல்வது வேறொன்று. நம் குடும்பங்களின் சேமிப்பும் மருத்துவக் குறிப்புகளும் இன்று கணினி வலைப்பின்னல்களிடம் அமானிதமாக இருக்கின்றன. ஆதலின் இவ்விரு ஆபத்துகளையும் அறிஞர்கள் எதிர்கொண்ட வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நலம்.

முதல் ஆபத்துக்கு விடை தேடியவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய பால் பாரன். அணுகுண்டுத் தாக்குதலில் மைய நிலையங்கள் அழிந்தால் தொலைத்தொடர்பே அற்றுப்போகும் என்பது அன்றைய அச்சம். மையமே இல்லாத வலையை அவர் 1964-இல் வெளியான தம் ஆய்வுத் தொகுதிகளில் முன்வைத்தார். ஒவ்வொரு நிலையமும் பல அண்டை நிலையங்களோடு இணைந்திருக்கும். செய்தி சிறு துண்டுகளாகப் பிரிந்து, எஞ்சிய வழிகளில் சென்று சேரும்.

அண்டை நிலையமே நயவஞ்சகம் செய்தால்? எஸ்.ஆர்.ஐ. நிறுவனம் நாசாவுக்காக விமானக் கட்டுப்பாட்டுக் கணினியை 1970-களில் வடிவமைத்தபோது இக்கேள்வி எழுந்தது. பழுதான ஒரு கணினி, ஒன்றிடம் ஓர் அளவையும் மற்றொன்றிடம் வேறோர் அளவையும் கூறக்கூடும். மார்ஷல் பீஸ், ராபர்ட் ஷோஸ்டாக், லெஸ்லி லாம்போர்ட் ஆகியோர் 1980-இல் இதற்கு விடை கண்டனர். 1982-இல் அதனைத் தளபதிகளின் கதையாக விளக்கினர். முதலில் அல்பேனியத் தளபதிகள் என்றே லாம்போர்ட் எண்ணியிருந்தார். வாழும் மக்களின் மனம் நோகலாகாது என்பதால், மறைந்துபோன பைஸாந்தியப் பேரரசின் பெயர் சூட்டப்பட்டது.

தலைவர் ஒருவர், தளபதிகள் இருவர் எனக் கொள்வோம். முதல் தளபதிக்குத் தலைவரிடமிருந்து ‘தாக்கு’ என்ற ஆணை வருகிறது. இரண்டாமவரோ, ‘எனக்குப் பின்வாங்கு என்றார்’ என்கிறார். பொய்யர் தலைவரா, தோழரா? அறிய வழியில்லை. மொத்தம் நால்வர் இருந்தால், பெரும்பான்மையைக் கொண்டு நேர்மையாளர்கள் ஒரே முடிவை எட்டலாம். கையொப்பமற்ற செய்திகளாயின், பொய்யர் தொகையின் மும்மடங்கோடு இன்னும் ஒருவராவது வேண்டும்.

1999-இல் மிகேல் காஸ்ட்ரோவும் பார்பரா லிஸ்கோவும் இத்தகைய பாதுகாப்பை நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் இயக்கிக் காட்டினர். அவர்கள் அமைத்த கோப்புச் சேவை, வழக்கமான சேவையைவிட ஏறத்தாழ 3 விழுக்காடே மெதுவாக இயங்கியது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் காவலாகாது. நான்கு கணினிகளிலும் ஒரே மென்பொருள், ஒரே கடவுச்சொல் இருப்பின், ஒன்றில் புகுந்தவன் நான்கிலும் புகுவான். நான்கு வீடுகளுக்கு ஒரே சாவி வைத்தால், அது ஒரு வீட்டின் காவலே. பிறர் அமானிதத்தைக் காக்கும் வலையை அமைப்பவர், உள்ளே ஒருவர் துரோகியாகக்கூடும் என்று முன்னரே எண்ணி அமைத்தல் கடமையாகும்.