இரண்டு மருத்துவர்கள், ஒரு சைக்கிள்

கென்யாவின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 10 கிராம் மாவுச்சத்து, ஒவ்வொரு நாளும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 600 கிராம். மற்ற எதையும்விட அதிகம் உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகக் கிளறும் களி. அதோடு பால், சர்க்கரை போட்ட தேநீர், கொஞ்சம் கீரை. இறைச்சி சிறிதளவுதான்.

அது அவர்கள் ஊர்ச் சாப்பாடு. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற நாட்டு வீரர்களின் தட்டு அந்த இடத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தத் தட்டு பிறந்த கதையில் எனக்கு மிகவும் பிடித்தது, அதைக் கண்டுபிடித்தவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்கு வைத்தார்கள் என்பது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலசாலியின் உணவு என்றால் இறைச்சி. ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் லீபிக், தசை வேலை செய்யும்போது புரதத்தைத்தான் எரிக்கிறது என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு அரிது. 1865-இல் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹோர்ன் மலையில் ஏறினார்கள். முந்தைய நாளிலிருந்தே புரதத்தை விட்டுவிட்டு, கொழுப்பில் பொரித்த மாவுப் பண்டமும் இனிப்புத் தேநீரும் எடுத்துக்கொண்டார்கள். ஏறும்போதும் ஏறிய பின்னும் சிறுநீரைச் சேர்த்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார்கள். எரிந்திருந்த புரதம், மலையேற்றத்துக்கு வேண்டிய ஆற்றலுக்குக் கிட்டேகூட வரவில்லை. லீபிக்கின் கொள்கை அன்றே ஆட்டம் கண்டது. பயிற்சியாளர்களின் சமையலறையில் அது இன்னும் வெகுகாலம் உயிரோடு இருந்தது.

1924-இல் பாஸ்டன் மாரத்தான் முடிந்ததும் ஓட்டக்காரர்கள் சிலரின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். தள்ளாடி, குழம்பிப்போய் வந்து சேர்ந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மறு ஆண்டு, முந்தைய நாள் மாவுச்சத்து நிறையச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது மிட்டாயும் கொடுத்தார்கள். வந்தவர்கள் தெளிவாக வந்தார்கள். 1939-இல் டென்மார்க்கின் கிறிஸ்டென்சனும் ஹான்சனும் இன்னும் துல்லியமாகக் காட்டினார்கள்: கொழுப்பு மிகுந்த உணவோடு சைக்கிள் மிதித்தவர் சீக்கிரம் ஓய்ந்தார், மாவுச்சத்து மிகுந்த உணவோடு அதே ஆள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான நேரம் தாங்கினார்.

இவ்வளவு தெரிந்தும் ஒன்று மட்டும் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்தார்கள், மூச்சை அளந்தார்கள். தசைக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் விளையாட்டோடு தொடர்பே இல்லாத ஒருவர். ஸ்டாக்ஹோம் மருத்துவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் சிறுநீரக நோயாளிகளைப் பற்றிக் கவலைப்பட்டவர். அவர்களின் தசையில் பொட்டாசியம் போன்ற உப்புகள் எவ்வளவு இருக்கின்றன என்று அவர் அறிய வேண்டியிருந்தது. அறுவை இல்லாமல் தசைத் துணுக்கு எடுக்க, பிரான்சின் துஷென் நூறு ஆண்டுக்கு முன் பயன்படுத்திய ஊசியைப் போல ஒன்றை வடிவமைத்து, 1962-இல் வெளியிட்டார். வெளியே கூர்மையான குழாய், அதன் நுனியருகே பக்கவாட்டில் சிறு திறப்பு, உள்ளே இறங்கி வெட்டும் இன்னொரு குழாய். தோலை மரக்கச் செய்து தொடையில் இறக்கினால், திறப்புக்குள் பிதுங்கும் தசை வெட்டுப்பட்டு வெளியே வரும். சிறு துணுக்குதான். ஆய்வகத்துக்கு அது போதும்.

அவருடைய சகா எரிக் ஹுல்ட்மன். தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனை இந்த ஊசியால் அளக்கலாம் என்று இருவரும் கண்டார்கள். பிறகு ஒரு நாள் ஒரே பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக அமர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கால் மட்டும் மிதித்தது, மறு கால் ஓய்வில். மிதித்த கால் இனி முடியாது என்னும் வரை மிதித்தார்கள். இரண்டு தொடையிலும் ஊசி. அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து உணவு. மறுபடி மறுபடி ஊசி.

மிதித்த காலில் வற்றிப்போயிருந்த கிளைகோஜன் நிரம்பியது. அதோடு நிற்காமல், ஓய்வில் இருந்த காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு உயர்ந்தது. ஓய்ந்திருந்த காலில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. உழைத்த தசைக்கு மட்டும் கூலி கிடைத்தது. 1966-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரண்டே பக்கக் கட்டுரை இது. விளையாட்டு உணவியலில் இதற்கு இணையான அழகுள்ள சோதனை வேறு இல்லை என்பேன்.

காரணம் பின்னாளில் விளங்கியது. சுருங்கி விரிந்த தசை, சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாயில்களைத் தன் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. கிளைகோஜன் வற்ற வற்ற அதைக் கட்டும் நொதி சுறுசுறுப்பாகிறது. உள்ளே போனது சர்க்கரையாகத் திரும்ப ரத்தத்துக்கு வராது. ஒவ்வொரு தசையும் தனித்தனி உண்டியல். பக்கத்துத் தசைக்குக் கடன் கொடுக்க வழியில்லை.

1967-இல் அந்த இருவரும் பெங்ட் சால்டின், ஹெர்மன்சன் ஆகியோருடன் சேர்ந்து மூன்று உணவுகளை ஒப்பிட்டார்கள். கலப்பு உணவில் சுமார் 114 நிமிடம் சைக்கிள் மிதித்தவர்கள், மாவுச்சத்து நீக்கிய உணவில் 57 நிமிடத்தில் நின்றார்கள். மாவுச்சத்து மிகுந்த உணவில் 167 நிமிடம். இடையில் மாறியது சாப்பாடு மட்டும்தான்.

இங்கிலாந்தின் மாரத்தான் வீரர் ரான் ஹில் இதைப் பற்றிக்கொண்டார். துணி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆய்வுக் கட்டுரை அவருக்குப் புதிதல்ல. போட்டிக்கு ஒரு வாரம் முன் நீண்ட ஓட்டத்தால் கிளைகோஜனை வற்றவைத்து, சில நாள் மாவுச்சத்தைத் தவிர்த்து, கடைசி மூன்று நாள் ரொட்டியும் இனிப்புமாக நிரப்பும் முறையைக் கையாண்டார். 1969-இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய மாரத்தானில் பெல்ஜியத்தின் ருலான்ட்ஸை முடிவுக்கு அருகே தாண்டி வென்றார். மாரத்தானுக்கு முந்தைய இரவு பாஸ்தா தின்னும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியதன் வேர் இதுதான். நடுவில் வரும் அந்தப் பட்டினி நாட்கள் கொடியவை. எரிச்சலும் சோர்வுமாக வீரரை வாட்டும். அவை தேவையே இல்லை, பயிற்சியைக் குறைத்து மாவுச்சத்தைக் கூட்டினாலே போதும் என்று அமெரிக்காவின் ஷெர்மனும் டேவிட் காஸ்டிலும் 1981-இல் காட்டினார்கள்.

போட்டி ஆண்டுக்குச் சில நாள்தான்; பயிற்சியோ தினமும். தினப் பயிற்சியில் கிளைகோஜன் என்ன ஆகிறது என்று அதே காஸ்டில் 1971-இலேயே சோதித்திருந்தார். தொடர்ந்து மூன்று நாள் 16 கிலோமீட்டர் ஓடியவர்களின் கிளைகோஜன், வழக்கமான உணவில் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனது. முதல் நாள் செலவழித்தது இரண்டாம் நாளுக்குள் நிரம்பவில்லை. “பயிற்சி அதிகமாகிவிட்டது” என்று சொல்லப்பட்ட எத்தனையோ வீரர்களுக்கு உண்மையில் சாப்பாடுதான் குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்றைய கணக்கு அதிலிருந்து வந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி என்றால் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து. நான்கைந்து மணி நேரம் என்றால் 8 முதல் 12. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம், அது பழுதுபார்க்க. அடுத்த பயிற்சி அன்றே இருந்தால், முடித்த உடனே சாப்பிட வேண்டும். திறந்த வாயில்கள் அப்போதுதான் அகலமாக இருக்கும். மாவுச்சத்தை அறவே விட்டுக் கொழுப்பில் ஓடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். உலகத் தரமுள்ள நடைப்போட்டி வீரர்களை வைத்து ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் அதையும் சோதித்து 2017-இல் வெளியிட்டார். கொழுப்பை எரிக்கும் திறன் கூடியது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவானது, போட்டி நேரம் மேம்படவில்லை.

சோற்றைக் குறை என்று நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் சொன்ன அறிவுரையை நாம் இப்போது மைதானத்துக்கும் கொண்டுபோகிறோம். காலையும் மாலையும் ஓடும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்னொரு கரண்டி சோறு கேட்கும்போது தடுக்காதீர்கள். பயிற்சி முடிந்து வந்ததும் முதலில் தட்டை வையுங்கள்.