காகிதக் கொக்கு

சதுரத் தாள் ஒன்றைக் கத்தரி படாமல், பசை தடவாமல் மடித்தே ஆக்கும் பறவை உருவம். ஜப்பானிய ஒரிகமிக் கலையில் மிகவும் பரவலானது இதுவே. ஆயிரம் கொக்குகளைக் கோத்த சரத்துக்குச் செம்பசுரு என்று பெயர். வழக்கமாக நூலுக்கு 40 கொக்காக 25 நூல். கொக்குக்கு ஆயிரம் ஆண்டு ஆயுள் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. ஆகவே ஆயுளும் நலமும் வேண்டித்தான் முதலில் இதை மடித்தார்கள். அமைதிச் சின்னம் என்ற பொருள் இதன்மேல் ஏறியது 1955-க்குப் பிறகு. ஜப்பானின் இன்னொரு அமைதி மரபான பௌத்த அமைதிக் கோபுரம் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த வீரிருப்பில் கால்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசக் காரணம், இரண்டின் பின்னாலும் இருக்கும் தாள்.

ஜப்பானுக்குத் தாள் செய்யும் வித்தையைக் கொரியத் துறவி ஒருவர் 610-இல் கொண்டுவந்ததாக நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூல் கூறுகிறது. வாஷி எனப்படும் ஜப்பானியத் தாளுக்கு முக்கிய மூலப்பொருள் கோஸோ மரத்தின் உட்பட்டை. அதைக் காரநீரில் வேகவைத்து, அடித்து நாராக்கி, தொட்டித் தண்ணீரில் கலப்பார்கள். வெண்டைக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த கொழகொழப்பையும் சேர்ப்பார்கள். நார் அடியில் தங்காமல் மிதக்க அந்த வழவழப்பே காரணம். பிறகு மூங்கில் தட்டியால் அள்ளி முன்னும் பின்னும் ஆட்டினால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கோஸோ நார் நீளமானது. எத்தனை முறை மடித்தாலும் அந்தத் தாள் எளிதில் முறியாது. மடிப்புக் கலை அந்த நாட்டில் தழைத்ததற்கு இந்த நாரும் ஒரு காரணம்.

பழைய தாளைக் கரைத்துப் புதுத்தாள் எடுப்பதும் அங்கே நேற்று வந்த சூழலியல் யோசனை அல்ல. செய்வா பேரரசர் 881-இல் இறந்தபின், அவருடைய துணைவியரில் ஒருவரான ஃபுஜிவாரா நோ தமிகோ, அவர் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் திரட்டிக் கூழாக்கித் தாள் செய்தார். அந்தத் தாளில் தாமரைச் சூத்திரம் என்னும் பௌத்த நூலை எழுதுவித்தார். 886-இல் அவர் இறந்த செய்தியோடு அரசவை வரலாறு இதையும் பதிந்திருக்கிறது. மையின் கருமை முழுக்கப் போகாததால் இத்தகைய தாள் சாம்பல் நிறமாக இருக்கும். பின்னாளில் அரச ஆணைகளையே அதில் எழுதினார்கள். எடோ காலத்தில் கழிவுத் தாளைக் கரைத்து அசாகுசா பகுதியில் மலிவுத் தாள் செய்தார்கள். அது கழிப்பறைக்குப் போயிற்று. மறுசுழற்சிக்கு இரண்டு முகமும் உண்டு.

கொக்கு மடிப்புக்குத் தனி நூலாக ‘ஹிடென் செம்பசுரு ஒரிகதா’ 1797-இல் கியோட்டோவில் வெளிவந்தது. ஒரே தாளில் பல கொக்குகள் இறக்கை நுனியிலும் அலகிலும் ஒட்டியபடி அமையும் 49 வகைகள் அதில் உள்ளன. அதற்காகத் தாளை ஆங்காங்கே வெட்டவும் செய்தார்கள். வெட்டவே கூடாது என்னும் இன்றைய கெடுபிடி பின்னால் வந்தது.

ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்ட் 6-இல் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி என்ற சிறுமிக்கு இரண்டு வயது. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நகோயா மாணவியர் நோயாளிகளுக்கு அனுப்பிய கொக்குச் சரத்தைப் பார்த்துத் தானும் மடிக்கத் தொடங்கினாள். நல்ல தாள் கிடைக்காதபோது மருந்துப் பொட்டலத் தாளே அவளுக்குக் கொக்கானது. அக்டோபர் 25-இல் இறந்தாள். 644 கொக்கோடு அவள் கை நின்றுவிட்டது என்று நம் பள்ளிகளில் சொல்லும் கதை, 1977-இல் வந்த ஓர் அமெரிக்கச் சிறுவர் நூலின் கற்பனை. அவள் ஆயிரத்தைத் தாண்டினாள் என்பதே குடும்பத்தார் கூற்று. உண்மை இன்னும் கனமானது: ஆயிரம் முடித்தும் பிழைக்கவில்லை. வகுப்புத் தோழர்கள் தொடங்கிய நிதி திரட்டலால் சிறுவர் அமைதி நினைவுச்சின்னம் 1958 மே 5-இல் திறக்கப்பட்டது.

அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி கொக்குகள், எடையில் பத்து டன், வந்து சேர்கின்றன. 2003-இல் மாணவர் ஒருவர் தீவைத்ததில் 1,40,000 கொக்குகள் எரிந்தன. எல்லாவற்றையும் பாதுகாத்து வைக்க நகராட்சி முயன்றது, இடம் கொள்ளவில்லை. 2012 முதல் அவற்றைப் பிரித்துக் கொடுத்து மறுதாளாக்க வழிசெய்தது. நூலையும் மணியையும் நீக்கிக் கூழாக்கிய தாளில் இப்போது விசிட்டிங் கார்டு, சான்றிதழ், நோட்டு எல்லாம் வருகின்றன.

தமிகோவின் தாளில் ஏறிய அதே தாமரைச் சூத்திரத்தின் பெயரை உச்சரித்துக்கொண்டு, விசிறி போன்ற கைப்பறை அடித்து நடப்பவர்கள் நிப்போன்சான் மியோஹோஜி என்னும் ஜப்பானியப் பௌத்த அமைப்பின் துறவிகள். இவ்வமைப்பைத் தொடங்கிய நிசிதாட்சு ஃபுஜி (1885–1985) 1931-இல் இந்தியா வந்தார்; 1933-இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். துறவிகள் உச்சரிக்கும் ‘நமு மியோஹோ ரெங்கே கியோ’ காந்தியின் ஆசிரமப் பிரார்த்தனையில் இடம்பெற்றது. அந்த வார்தாவிலேயே 1934-இல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலர், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைத்தாள் தொழிலை மீட்பது அச்சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. வந்த உறையின் பின்பக்கத்தில் பதில் எழுதும் காந்திக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை.

குண்டுவீச்சுக்குப் பின் ஃபுஜி அமைதிக் கோபுரங்கள் எழுப்பத் தொடங்கினார்: 1954-இல் குமமோட்டோ, 1969-இல் ராஜ்கிர், 1972-இல் தௌலி. அந்த வரிசையில் வீரிருப்புக் கோபுரம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென்காசியிலிருந்து விருதுநகர் செல்லும் ரயில் பாதையில் சங்கரன்கோவிலில் இறங்கிப் போகலாம். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படி ஒன்று இருப்பதை அறியார். அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் உறையும் போதலக மலை, குற்றாலத்தையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் நம் பொதிகைத் தொடரே என்று 1989-இல் எழுதியவரும் ஒரு ஜப்பானியர், தமிழாய்வாளர் ஷு ஹிகோசாகா. கருத்து விவாதத்துக்குரியது, ஆனால் பௌத்தத்துக்கு இந்த மலை புதிதல்ல.

தமிழகப் பள்ளிகளில் ஹிரோஷிமா நாளில் கொக்கு மடிக்கும் வழக்கத்தைப் பரப்பியதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பங்குண்டு. தென்னங்குருத்தில் கிளி மடித்துத் தோரணம் கட்டிய ஊர்களில் கை எளிதாகவே பழகும். செய்தித்தாள் சரிப்படாது, அலகு மடிப்பில் கிழியும். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் பரவாயில்லை, முதலில் சதுரமாக்கிக்கொள்ள வேண்டும்.