சேறு கற்பித்த பாடம்: குளோரீனும் நுண்ணங்கிகளும்

வன்னிப் பெருநிலத்தின் வடபால், ஆனையிறவு உப்பளத்துக்கு அணித்தாய் உள்ளது பரந்தன். அங்கு 1950களில் எழுந்த அரச இரசாயனத் தொழிற்சாலை, உப்புக் கரைசலில் மின்னைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரீனையும் பெற்றது. 1980களில் போர்ச் சூழலில் அவ்வுற்பத்தி நின்றது. குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரீன், காபனோடு பிணைக்கப்படுமிடத்து வேறொரு வரலாற்றுக்கு வித்திடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் அப்பிணைப்பினின்று பூச்சிகொல்லிகளும், உலோகத்தின் எண்ணெயையும் ஆடையின் அழுக்கையும் அகற்றும் கரைப்பான்களும் தோன்றின. எளிதில் சிதையாமையே அவற்றின் சிறப்பாகக் கருதப்பட்டது. பின்னர் அதுவே கேடாயிற்று.

சிதைவுக்கு வழிகாட்டியவற்றுள் நெல்வயற் சேறும் ஒன்று. பிலிப்பைன்சு நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், வெள்ளம் தேங்கிய மண்ணில் இட்ட பி.எச்.சி. விரைந்து மறைவதையும், கிருமி நீக்கிய மண்ணில் அது நிலைப்பதையும் இரகு, மக்ரே ஆகியோர் 1966இல் வெளியிட்டனர். எனவே அது நுண்ணங்கிகளின் செயலே என்பது புலனாயிற்று. அந்நச்சைச் சிதைக்கும் மண் பற்றீரியம் ஒன்றைப் பற்றிச் சேதுநாதன் குழுவினர் 1969இல் எழுதினர். ஒட்சிசன் உள்ள நிலையிலும் அதனைச் சிதைக்கும் மற்றொரு பற்றீரியத்தைக் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் 1990இல் அறிவித்தனர்.

கரைப்பான்களின் கதை இதனினும் சிக்கலானது. நான்கு குளோரீன் அணுக்களையுடைய டெட்ராகுளோரோ எதிலீன், காற்றற்ற சூழலில் ஒவ்வொன்றாக அவற்றை இழக்கின்றது. ஓரணு எஞ்சும் நிலையில் தோன்றுவது வைனைல் குளோரைட்டு. அது புற்றுநோயை விளைவிப்பது. பாதிவழியில் நின்ற சிதைவு, சிதையாமையினும் கொடிதாகலாம். இறுதிப்படியையும் கடந்து தீங்கற்ற எதிலீன்வரை செல்லும் பற்றீரியத்தை, இத்தாக்கா நகரின் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து கோர்ணல் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்து 1997இல் அறிவித்தனர். நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது போல, அது ஐதரசனை உண்டு குளோரீன் சேர்வைகளைச் சுவாசிக்கின்றது. அவ்வினத்துக்கு 2013இல் டிகலோகொக்கொயிடசு மக்கார்ட்டியி எனும் பெயர் சூட்டப்பட்டது. மாசுற்ற நிலத்தடி நீரில் இத்தகைய பற்றீரியங்களை ஊட்டியும் உட்செலுத்தியும் தூய்மை செய்யும் முறை இன்று பல நாடுகளில் வழங்குகின்றது.

கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவின் கீழும் வயல்கள் நீர் தேங்கிச் சேறாகின்றன. காற்றுப் புகாத அத்தகைய சேறே ஆய்வாளர்க்கு ஆசானாயிற்று என்பது நோக்கற்பாலது. ஆயினும் இயற்கையின் இவ்வாற்றல் மாசுபடுத்துவோருக்கு அளிக்கப்பட்ட உரிமமன்று. ஏற்ற பற்றீரியம் இல்லாவிடத்துச் சிதைவு இடைப்படியில் நின்றுவிடும். அந்நீரே கிணற்றுக்கும் வந்து சேரும். கிணற்றை நம்பி வாழும் வன்னிக்குத் தொழில்கள் மீண்டு வருங்கால், கழிவு செல்லும் வழியை முன்னரே வகுத்தல் கடன். சேற்றின் உதவியை நாடுவது அதற்குப் பின்னரே.